சீரியல் பொண்ணுக்கு காரணம் சொன்ன அக்கா

இத்த எழுத வோணாம்னு தான் வுட்டுட்டேன். ரெண்டு வாட்டி குந்தினேன், ரெண்டு வாட்டியும் ஏந்து போய் டீ குட்ச்சிட்டு வந்து படுத்துட்டேன். நானு எழுதி யாரு படிக்கப் போறா. எட்டாங்கிளாஸ் பாதில வுட்டவன். அந்தப் பாதிலயும் பாதி நாளு காசிமேட்டு கல்லு மேல குந்திகினு நண்டுக்கு கயிறு கட்டிகினு இருந்தேன். ஆனா வண்டில ஐஸ் ஏத்திகினு போறப்பல்லாம் அந்தக்கா கொரலு காதுல வுழுது. "அதுக்கு ஒரு காரணம் கீதுடா நைனா"னு. என் தோஸ்து டில்லி, அவனும் என்னாட்டம் மீன்பாடி வண்டி தான் ஓட்றான், அவன் கிட்ட பொலம்பினேன். "சும்மா என் காத தின்னாத. எழுதி போன்ல அனுப்பு, படிச்சிட்டு சொல்றேன்"னான். அதான் எழுதறேன். நல்லா இல்லேனா அவன திட்டுங்கோ.

அந்தக்கா பேரு இங்க வோணாம். கேட்டா கோச்சிக்காது, நான் எழுதினதுக்கும் ஒரு காரணம் கண்டுபிட்ச்சி சொல்லும். ஆனா வோணாம்.

கல்மண்டபத்துல மீன் லாரிங்க திரும்பற சந்துல ஒரு இறால் ஷெட்டு இருந்துச்சி. இருபது இருபத்தஞ்சி பொம்பளைங்க ரெண்டு வரிசையா நின்னுகினு இறால் உரிப்பாங்கோ. தலைய கிள்ளி, ஓட்ட உரிச்சி, முதுகுல கீற கறுப்பு நரம்ப இழுத்துப் போட்டு, ஐஸ் தண்ணில அலசணும். அம்புட்டு தான் வேலை. கேக்க ஈசியா கீது. ஒரு நாளு பூரா கைய அந்தத் தண்ணில வச்சிப் பாரு, அப்பால உன் கை உன்னோடதா பக்கத்துல நிக்கறவனோடதானு உனக்கே டவுட்டு வந்துடும். நானு அங்க ஐஸ் எறக்கறவன். தெனம் ரெண்டு டிரிப்பு. ஒரு டிரிப்பு எறக்க பத்து நிமிசம், அங்க குந்தி வம்பளக்க ஒரு மணி நேரம்.

அக்கா ரெண்டாவது வரிசைல மூணாவது ஆளு. குள்ளமா இருக்கும். முடிய இழுத்து இறுக்கி கொண்ட போட்டுகினு, அது மேல கம்பெனிக்காரன் குடுத்த பிளாஸ்டிக் தொப்பி. கை மட்டும் அந்த ஒடம்புக்கு சேராத கை. வெரலு இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப் போயி, நகம் கறுத்து, நாலு சோப்பு போட்டு தேச்சாலும் போவாத ஒரு வாசன. அந்தக் கையால அது யாரு கன்னத்தயும் தொட்டு நா பாத்ததில்ல. ஷெட்டுக்கு யார்னா கொழந்தைய தூக்கினு வந்தா கூட முழங்கையால இட்ச்சி தான் கொஞ்சும்.

சரி, சீரியலுக்கு வரேன். அப்போ டிவில ஒண்ணு ஓடிகினு இருந்துச்சி. வெள்ளக்காரன் காலத்துக் கதை. புருசன் இல்லாத ஒரு அம்மா, உப்பளத்துல உப்பு வாரி, பாதம்லாம் வெடிச்சி, பொண்ண கான்வென்ட்ல படிக்க வக்கிறா. பொண்ணு படிச்சிட்டு, கலெக்டர் ஆபீஸ்ல கீற ஒர்த்தன கட்டிகினு பங்களாவுக்கு போயிட்றா. போன ஒடனே அம்மாவ யாருன்னே தெரியாத மாதிரி மூஞ்ச திருப்பிக்கிறா. தெனம் அம்மா அழுவா, பொண்ணு முறைப்பா. இத்த வச்சே வருசக் கணக்கா ஓட்னான் டிவிக்காரன்.

ஷெட்டுல ஒர்த்தராலயும் இத்த பாக்க முடியாது. சாயந்திரம் ஏழரைக்கு போடறப்போ எல்லாரும் இறால்ல கை வச்சிகினு நிப்பாங்கோ. மறு நாளு காலைல பத்தரைக்கு திரும்பவும் போடுவான். அந்த நேரத்துல மத்தவங்களுக்கு தண்ணி லாரி, சோறு, புள்ளைங்க. அக்கா வூட்ல அக்கா ஒண்டி தான். அதனால அது பாத்துட்டு வந்து, பன்னெண்டு மணிக்கு மொதக் கூடைய கவுத்ததும் ஆரம்பிக்கும்.

"நேத்து இன்னா ஆச்சினா, அம்மா உப்புக் கூடையோட பங்களா வாசல்ல வந்து நிக்கறா. பொண்ணு மாடில இருந்து பாக்கறா. பாத்துட்டு, கீழ கீற வேலக்காரன் கிட்ட, 'யாரோ பிச்சைக்காரி, காசு போட்டு அனுப்பு'ன்றா."

வரிசைல கீற அத்தினி பேரும், "நாசமாப் போவ"னு ஒண்ணா சொல்லுவாங்கோ.

"இருங்கடி. ஏன் சொன்னானு கேளுங்கோ. கதவுக்குப் பின்னால மாமனாரு நிக்கறான், கைல சவுக்கு. எங்கம்மானு சொல்லிருந்தா கெய்விய அங்கியே உரிச்சிருப்பான். அதனால சொன்னா. சொல்லிட்டு, சாயந்திரம் முக்காடு போட்டுகினு உப்பளத்துக்கு போறா. அம்மா தூங்கறா. வெடிச்ச கால்ல எண்ண தடவிட்டு, எழுப்பாம வந்துட்றா. அம்மாவுக்கு தெரியவே தெரியாது."

இத்த கேட்டுட்டு மேரி அக்கானு ஒண்ணு, அக்காவுக்கு பக்கத்துல நிக்கறது, பாறை மாதிரி ஆளு, தோள்ல கண்ண தொடச்சிக்கும். கைல இறால் தண்ணி ஆச்சே.

அந்தக்கா கிட்ட கீற விசேசமே இது தான். யாரு இன்னா தப்பு பண்ணாலும் ஒரு காரணம் ரெடியா வச்சிருக்கும். ஒரு நாளு நானு அது டிபன் பாக்ஸ எத்துகினு போய் ஐஸ் துண்டுங்களுக்கு நடுவுல பொதச்சி வச்சிட்டேன். மத்யானம் தொறந்தா சோறு கல்லு மாதிரி கீது. எல்லாரும் என்ன அடிக்க வந்தாங்கோ. அக்கா மட்டும், "வுடுங்கடி, அவன் வூட்ல காலைல சண்ட போட்டுகினு வந்துருப்பான்"னுச்சி. எனுக்கு கடுப்பாயிடுச்சி. ஏன்னா நெஜமாவே போட்டுட்டு தான் வந்தேன்.

ஒரு பூன தெனம் வந்து இறால் திருடும். சூப்பர்வைசரு கட்டைய எத்துகினு வெரட்டுவான். அக்கா சொல்லும், "பாவம், எங்கியோ குட்டி போட்ருக்கும், அதுக்கு எத்துகினு போவுது."

"அக்கா, அது கடுவன் பூனக்கா."

"அப்போ பொண்டாட்டிக்கு எத்துகினு போவுது."

அது புருசன் வுட்டுட்டு ஓடினான். ஏன்னு கேட்டா, "அந்தாளுக்கு உப்புக் காத்து ஒத்துக்கல"னு சொல்லும். ராயபுரத்துலயே பொறந்தவனுக்கு உப்புக் காத்து ஒத்துக்கலியாம். நானு, "அப்போ ஊட்டில கீறானா"னு கேட்டேன். "இருக்கும்டா, குளுரு புடிக்கும் அந்தாளுக்கு"னு சீரியஸா சொல்லுச்சி. அத்த கலாய்க்கவே முடியாது. தலையணைய குத்தற மாதிரி.

அக்காவுக்கு ஒரு பொண்ணு. படிச்சி, கம்ப்யூட்டர் கம்பெனில வேலைக்கி போயி, அங்கியே ஒர்த்தன கட்டிகினு கொளத்தூர் பக்கம் அபார்ட்மென்ட்டுல கீது. கல்யாணம் மாப்ள வூட்டு ஊர்ல நடந்துச்சி, அக்கா போவல. "நாளு கம்மியா இருந்துச்சி, சொல்றதுக்குள்ள முட்ச்சிட்டாங்கோ." தீவாளிக்கு வரல. "தல தீவாளிக்கி டிராபிக்கு." பொங்கலுக்கு வரல, அதுக்கும் இன்னாவோ ஒண்ணு. அப்பால பொண்ணு முழுவாம கீதுனு சேதி வந்துச்சி. அன்னிக்கி அக்கா எனுக்கு மட்டும் ரெண்டு போண்டா வாங்கி குட்த்துச்சி.

மொதப் பிரசவம் அம்மா வூட்ல தானே. அக்கா வூடு தண்டையார்பேட்டைல, ஒத்த ரூமு, ஒரு சமையக்கட்டு. பொண்ணுக்கு குந்தி ஏந்திரிக்க முடியாதுனு சொல்லி, இருந்த கக்கூச ஒட்ச்சிட்டு வெஸ்டர்ன் வச்சிச்சி. அந்த வெள்ளக் கோப்பைய என் வண்டில தான் ஏத்திகினு போனேன், ஐஸ் மூட்டைக்கு பக்கத்துல. வழியெல்லாம் பசங்க, "இன்னாடா மாமு, ராஜா சிம்மாசனம் எங்க போவுது"னு கேட்டானுங்கோ. அக்கா பின்னால குந்திகினு அத்த ரெண்டு கையாலயும் புட்ச்சிகினு வந்துச்சி. ஏழாவது மாசம் வளைகாப்பு வைப்பாங்கோனு ரெடியா இருந்துச்சி. ஏழுல யாரும் கூப்புடல. "அவங்க வூட்டு வழக்கம் ஒம்போதுல போல"னு சொல்லிச்சி. ஒம்போது பொறக்கறதுக்கு இன்னும் நாளு இருந்துச்சி. போன் அட்ச்சா அக்கா எடுக்க கைய தொடச்சிகினு ஓடும். அத்த பாத்துகினே நின்னுகினு இருப்போம் நாங்க.

இந்த நேரத்துல தான் நானு ஒரு கலீஜ் வேலை பண்ணேன்.

ஐஸ் பேக்டரில லைன்ல நிக்க சொல்ல, போன்ல அந்த சீரியலு வந்துச்சி. சும்மா பாத்தேன். பொண்ணு மாடில நிக்கறா, அம்மா கீழ நிக்கறா. "யாரோ பிச்சைக்காரி"ன்றா. கதவுக்குப் பின்னால மாமனாரு இல்ல. சவுக்கு இல்ல. முக்காடு, எண்ண, ஒண்ணும் இல்ல. பொண்ணு சொல்லிட்டு உள்ள போயி ஊஞ்சல்ல குந்திகினு வெத்தல மடிக்கறா. எனுக்கு ஒரே குஷி. இத்தினி நாளா அக்கா பீலா வுட்டுகினு இருந்துருக்கு. நாலு எபிசோடு பாத்தேன். எதுலயும் அந்தப் பொண்ணுக்கு ஒரு காரணமும் இல்ல. அவ சும்மாவே கெட்டவ.

அன்னிக்கி நாலு மணிக்கு டீ குடிக்க எல்லாரும் வெளிய வந்தாங்கோ. போன வண்டி மேல நிறுத்தி, சவுண்ட ஏத்தி, போட்டேன். "வாங்க வாங்க, அக்கா சொன்ன எபிசோடு, பைசா வோணாம்"னு கூவினேன். இருபது பொம்பளைங்க டம்ளர வச்சிகினு பாத்தாங்கோ. பாத்து முட்ச்சிட்டு அக்காவ பாத்தாங்கோ.

மேரி அக்கா கேட்டுச்சி. "இன்னாக்கா, அந்தக் கெய்வி கால்ல எண்ண தடவினானு சொன்னியே?"

அக்கா டீய ஊதிகினே, "டிவிக்காரனுக்கு பதினஞ்சி நிமிசம் தான். அதுல எங்கடி காரணம்லாம் சொல்லுவான்"னுச்சி.

எல்லாரும் சிரிச்சாங்கோ. நானும் தான். அதோட வுட்ருந்தா சரியா போயிருக்கும். மொத வரிசைல கீற ஒர்த்தி, சிரிச்சிகினே, "அப்போ உன் பொண்ணு வராததுக்கும் இப்டி தான் காரணம் வச்சிகினு கீறியா"ன்னா. சிரிப்பு அங்க நின்னுடுச்சி. அக்கா மீதி டீய கீழ ஊத்திட்டு உள்ள போயிடுச்சி.

அடுத்த நாளு பன்னெண்டு மணிக்கு கூடைய கவுத்தாங்கோ. அக்கா ஒண்ணும் சொல்லல. யாரும் கேக்கல. ஓடு தரைல வுழற சத்தம், கொழாய்ல தண்ணி சத்தம், அம்புட்டு தான். அந்த ஷெட்டு அவ்ளோ குளுரா கீதுனு எனுக்கு அன்னிக்கி தான் தெரிஞ்சிச்சி. மூணு வாரம் அப்டியே போச்சி. என்ன யாராவது ரெண்டு அற வுட்ருந்தா கூட தேவலாம் போல இருந்துச்சி. அக்கா கிட்ட போயி, "சாரிக்கா"ன்னேன். "உனுக்கு இன்னாடா, ஐஸ் பேக்டரில போர் அட்ச்சிருக்கும், பாத்துட்ட"னுச்சி. பாரு, எனுக்கும் காரணம்.

அப்பால ஒரு நாளு என் கைல ஒரு எவர்சில்வர் டப்பா குட்த்துச்சி. இறால் தொக்கு. ஷெட்டுல உரிச்ச இறாலயே வாங்கினு போயி, காலைல செஞ்சிருக்கு. "கொளத்தூர் பக்கம் லோடு போறேன்னியே. அவ கைல குட்த்துடு. அவ கைல மட்டும் தான். வேற யாரு கைலயும் குட்த்துடாத." பொண்ணு நம்பரயும் குட்த்துச்சி. நா வேற யாராவது தின்னுட போறாங்கோனு சொல்லுதுனு நெனச்சிகினேன்.

மூணு மணி இருக்கும். அபார்ட்மென்ட் கேட்டுல வண்டிய நிறுத்தி போன் போட்டேன். பொண்ணு எறங்கி வந்துச்சி. அக்கா மூஞ்சி அப்டியே. வயிறு நல்லா முன்னாடி. நைட்டி மேல துப்பட்டா. ரெண்டு கைலயும் மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலு, செவப்பும் பச்சையும். வளைகாப்பு முடிஞ்சி போச்சி. பெத்தவள கூப்புடாமலே.

நா வளையல பாக்கறத அது பாத்துட்டு, துப்பட்டாவ கை மேல இழுத்துகிச்சி.

"அம்மா அனுப்ச்சாங்களா?"

"ஆமா. இறாலு."

திரும்பி லிப்ட்ட பாத்துச்சி. "மேல எடுத்துட்டு போக முடியாது அண்ணா. வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்தறீங்களா, தண்ணி சொட்டுது."

"வண்டி பச்சத்தண்ணி தாம்மா குட்ச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல"ன்னேன். சிரிக்கல. டப்பாவ வாங்கி மூடிய தொறந்துச்சி. மோந்து பாத்துச்சி. அப்பால இன்னா பண்ணிச்சினு கேளு. மோட்டார் ரூமுக்கு பின்னால போயி, செவுத்துல சாஞ்சி நின்னுகினு, சோறு இல்லாம, கையாலயே தின்ன ஆரம்பிச்சிச்சி. பஸ்சு வந்துகினு கீது, ஏறணும்ன்ற மாதிரி தின்னுச்சி. வாய்க்கு கை போறப்பல்லாம் வளையலு சலக்கு சலக்குனு. ஒரு இறாலு வுடல. எண்ணைய கூட வெரலால வழிச்சிச்சி. முட்ச்சிட்டு, செடிக்கு தண்ணி ஊத்தற கொழாய்ல டப்பாவ கய்வி, கைய கய்வி, மோந்து பாத்துட்டு மறுபடியும் கய்விச்சி.

"வளையல் போட்டத அம்மா கிட்ட சொல்லாதீங்க அண்ணா. நானே சொல்லிக்கறேன்."

"உன் மாமியாரு வூட்ல அம்மா எங்க கீதுனு சொல்லி வச்சிகீற?"

"எக்ஸ்போர்ட் கம்பெனில மேனேஜர். லீவே கிடைக்காதுனு."

"எக்ஸ்போர்ட்டு கரெக்ட்டு தான். இறால் பூரா கப்பல்ல தான போவுது."

கொஞ்சம் சிரிக்க வந்துச்சி அதுக்கு. அப்பால ஒதட்ட கட்ச்சிகிச்சி. "நான் கெட்ட பொண்ணுனு தானே நினைக்கிறீங்க?"

"நா இன்னா நினைக்கறது. நா ஐஸ் எறக்கறவன்."

காலி டப்பாவ குட்த்துட்டு லிப்ட்டுக்குள்ள போயிடுச்சி.

திரும்பி வர்ற வழியெல்லாம் எனுக்கு பேஜாரு. அக்கா கேக்கும். இன்னா சொல்றது. கேட்டுலயே நிக்க வச்சிட்டா, உன்ன வுட்டுட்டு வளைகாப்பு முட்ச்சிட்டானு சொல்றதா. ஏற்கெனவே ஒரு வாட்டி நெஜத்த போட்டு காட்டி தான் ஷெட்டே ஊமையாயிடுச்சி. இந்த வாட்டி அக்கா ரூட்டுலயே போலாம்னு முடிவு பண்ணிட்டேன். மூலக்கொத்தளம் வர்றதுக்குள்ள கத ரெடி.

அஞ்சி மணிக்கு ஷெட்டுல போயி, எல்லார் காதுலயும் வுழற மாதிரி எட்த்து வுட்டேன். "அக்கா, ராஜ மரியாத. மேல கூப்ட்டு சோபால குந்த வச்சாங்கோ. ஏசி. ஜூஸ் குட்த்தாங்கோ. டப்பாவ தொறந்த ஒடனே வாசனைக்கு மாமியாரு ஓடி வந்துச்சி. ஒரு வாய் வச்சிட்டு, இந்த மாதிரி தொக்கு ஜென்மத்துல தின்னதில்லனு வெரல சப்புது. மாமனாரு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினாரு. டப்பாவ பாரு, காலி."

மேரி அக்கா அக்காவ திரும்பி பாத்துச்சி. அக்கா டப்பாவ வாங்கி, தொறந்து பாத்து, மூடி வச்சிச்சி.

"சாப்டட்டும். நல்ல மன்சங்க. அவ மூஞ்சி எப்டி கீது?"

"சோக்கா கீதுக்கா."

"கால் வீங்கி கீதா?"

காலயே பாக்கல நானு. வளையல தான் பாத்துகினு இருந்தேன். "கவனிக்கலக்கா"ன்னேன். அக்கா திரும்பி இறால எட்த்துகிச்சி.

வெளிய வந்து வண்டிய எடுக்கறேன், மேரி அக்கா பின்னாலயே வந்து என் சட்ட காலர புட்ச்சிச்சி. "டேய் பேமானி. அவங்க வூட்ல மீனு இல்ல, கறி இல்ல, முட்ட கூட வாங்க மாட்டாங்கோ. கவுச்சி வாசன பட்டா வூட்ட கழுவற ஜாதிடா அவங்கோ. மாமியாரு வெரல சப்பினாளா?"

இறாலு தின்னாத வூடு ஒண்ணு கீதுனு எனுக்கு தோணவே இல்ல. சத்தியமா. நா பொறந்து வளந்த எடத்துல பல்லு மொளைக்காத கொழந்தைக்கே கவல மீன பெசஞ்சி ஊட்டுவாங்கோ. அவ கைல மட்டும் குடுனு அக்கா சொன்னது அப்போ தான் எனுக்கு வெளங்குச்சி.

"உன் பீலாவ வச்சி அக்கா இப்போ இன்னா நெனச்சிருக்கும் தெரியுமா? பொண்ணு டப்பாவ வாங்கவே இல்ல, நீ எங்கியோ கொட்டிட்டு கய்வி எத்துகினு வந்துட்டேனு தான் நெனச்சிருக்கும்"னுச்சி மேரி அக்கா.

அந்தப் பொண்ணு எண்ணைய வெரலால வழிச்சி தின்னுச்சி. அக்காவுக்கு அத விட இன்னா வோணும். அத்த மறச்சி வச்சிட்டு, சோபா, ஏசி, ஜூஸுனு அளந்து வுட்ருக்கேன்.

மறு நாளு நேரா அக்கா கிட்ட போயி நின்னேன். "அக்கா, நேத்து சொன்னது பூரா டுபாக்கூர். மாமியாரு இல்ல, மாமனாரு இல்ல. உன் பொண்ணு தான் தின்னுச்சி. மோட்டார் ரூமு பின்னால நின்னுகினே தின்னுச்சி. ஒண்ணு வுடல."

அக்கா என்ன பாத்து சிரிச்சிச்சி. நல்ல சிரிப்பு தான். அதான் என்ன கொன்னுடுச்சி. "நீ நல்லவண்டா. மனசு கேக்காம நேத்து ஒண்ணு சொன்ன. அது ஒட்டலனு இன்னிக்கி ஒண்ணு சொல்ற. வுடு. அவளுக்கு மசக்கைல கவுச்சி பிடிக்காம இருக்கும், வாங்கிருக்க மாட்டா."

"சத்தியமாக்கா."

"சரிடா, தின்னா. போ, ஐஸ் கரையுது."

நம்பல. நா வாய தொறந்தாலே விளையாட்டுனு ஊருக்கே தெரியும், அக்காவுக்கு தெரியாதா. எந்த சத்தியத்த பண்ணாலும் அது ஒரு காரணம் சொல்லி என்ன மன்னிச்சி அனுப்பிகினே இருக்கும். அப்பால எனுக்கு வேற வழி இல்ல. அந்தப் பொண்ணு சொல்லாதேனு கேட்டுகிச்சி, எனுக்கு ஞாபகம் கீது. இருந்தாலும் சொல்லிட்டேன்.

"அது தின்றப்போ வளையல் சத்தம் வந்துச்சிக்கா."

அக்கா கை நின்னுடுச்சி. "இன்னா வளையலு?"

"கண்ணாடி வளையலு. செவப்பும் பச்சையும். முழங்கை வரைக்கும். கைய தூக்கறப்பல்லாம் சலக்கு சலக்குனு. நா பாக்கறேன்னு துப்பட்டாவால மூடிகிச்சி. அப்பால தின்னற ஆசைல துப்பட்டாவ வுட்டுடுச்சி."

இத்த யாரும் அக்காவுக்காக ஜோடிச்சி சொல்ல மாட்டாங்கோனு அதுக்கு தெரியும். என் மூஞ்சயே ரொம்ப நேரம் பாத்துச்சி.

"ரெண்டு கைலயுமா?"

"ரெண்டு கைலயும்."

"நின்னுகினேவா தின்னா? யாரும் நாற்காலி போடலியா?"

"நின்னுகினே தான்."

"தண்ணி குட்ச்சாளா அப்பால? காரமா இருந்துச்சே."

"குடிக்கலக்கா."

அக்கா தலைய ஆட்டிகிச்சி. கொழாய தொறந்து கைய கழுவிச்சி, எதுக்குனு தெரியல, மறுபடியும் அதே தண்ணில தான் வைக்கணும். வச்சிச்சி. நா பதினஞ்சி ஐஸ் கட்டிய எறக்கி முட்ச்சேன். வரிசைல எல்லாரும் கேட்டுட்டாங்கோ.

நா போலாம்னு வண்டி கிட்ட வந்துட்டேன். உள்ள இருந்து அக்கா கொரலு. மூணு வாரத்துக்கு அப்பால மறுபடியும் கத.

"நேத்து இன்னா ஆச்சினா, அந்தப் பொண்ணுக்கு அம்மா ஒரு ஆள் கிட்ட சோறு குட்த்து அனுப்பறா. பொண்ணு பங்களாக்குள்ள எத்துகினு போவல. குதிர லாயம் பின்னால நின்னுகினு தின்றா. கை நெறைய வளையலு. அம்மாவ கூப்புடாம போட்டுகின வளையலு."

நானு போன்ல பாத்துட்டேன். டிவில நேத்து அந்த மாதிரி ஒரு சீனே இல்ல. மத்தவங்களுக்கும் தெரியும்.

மேரி அக்கா மெதுவா கேட்டுச்சி. "ஏன்க்கா கூப்புடல?"

இருபது பொம்பளைங்களும் கைய நிறுத்திட்டாங்கோ. நானும் வாசல்ல நின்னுட்டேன். மாமனாரா, சவுக்கா, நாளு கம்மியா, இன்னா வரப் போவுதுனு.

"தெரியலடி"னுச்சி அக்கா. "ஏன்னு எனுக்கு தெரியல. ஆனா நல்லா தின்னா."

இதுக்கு அப்பால சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஒம்போதாவது மாசம் பொண்ணு வரல. பிரசவம் அங்கியே ஒரு ஆஸ்பத்திரில ஆயிடுச்சி, மூணாவது நாளு போன் வந்துச்சி, ஆம்பளப் புள்ள. அக்கா எலுமிச்சம் பழத்த வெட்டி அர மணி நேரம் கைய தேச்சிச்சி, ஷெட்டு வாசல்லியே நின்னுகினு. "நா வரட்டா"னு கேட்டுச்சாம். "வேணாம்மா, நானே கொழந்தைய தூக்கினு வரேன்"னு பொண்ணு சொல்லுச்சாம். எப்போனு சொல்லல. ஏன் இப்போ வோணாம்னும் சொல்லல. அக்காவும் அதுக்கு ஒரு காரணம் சொல்லல. இதெல்லாம் எங்க கிட்ட சொல்லிட்டு, தொப்பிய மாட்டிகினு வரிசைல போய் நின்னுச்சி.

கொஞ்ச நாள்ல கம்பெனிக்காரன் ஷெட்ட மூடிட்டு வேற எங்கியோ போயிட்டான். பொம்பளைங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்கோ. எனுக்கு எண்ணூர் பக்கம் லோடு. அந்தக் கொழந்த இந்நேரம் நடக்கும். பொண்ணு நம்பரு இன்னும் என் போன்ல கீது. அக்கா வூடும் தெரியும், அந்தக் கோப்பைய எறக்கினவனே நான் தான். போலாம் போலாம்னு கீறேன். ஒரு நாளு டயரு பஞ்சரு. ஒரு நாளு மழ. ஒரு நாளு தண்டையார்பேட்ட வரைக்கும் போயிட்டு, லோடு வெயிட்டிங்ல கீதுனு திரும்பிட்டேன். கதவ தட்டி, அந்தப் பொண்ணு வரவே இல்லனு அக்கா சொல்லிட்டா, நா மூஞ்ச எங்க வச்சிக்கறது.

இத்த எல்லாம் எழுதி டில்லிக்கு அனுப்னேன். அவன் படிச்சிட்டானு ரெண்டு நீல டிக்கு வந்துச்சி. நல்லா எழுதிருக்கனு சொல்லுவான், இல்லேனா கலாய்ப்பான்னு போனயே பாத்துகினு இருந்தேன். அப்பால ஒரே ஒரு வரி வந்துச்சி.

"இம்மாம் எழுதறதுக்கு டைம் கீது, ஒரு எட்டு போயி அந்தக்காவ பாக்க உனுக்கு டைம் இல்லியாடா?"